சேதமடைந்த கப்பலின் நிலைப்புத்தன்மை: முதல் கணக்கு

கப்பலின் உடல் கிழிந்து ஓர் அறைக்குள் கடல் புகுந்தால், அது எவ்வளவு அமிழும், அமிழ்ந்த பின்னும் நிமிர்ந்து நிற்குமா என்பதே கேள்வி. இதைக் கற்கத் தொடங்குவோர் செவ்வகப் பெட்டி வடிவக் கலத்தைக் கையாலேயே ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; மென்பொருள் தரும் விடையில் பிழை இருந்தால் அதைக் கண்டுகொள்ளும் பார்வை அப்போதுதான் வாய்க்கிறது.

கலத்தின் நீளம் 100 மீட்டர், அகலம் 20, உயரம் 10, மிதக்கும் ஆழம் 6 என்று கொள்வோம். இடம்பெயர்க்கும் நீர் 12,000 கன மீட்டர். ஈர்ப்பு மையம் கீலிலிருந்து, அதாவது கலத்தின் அடிப்பகுதியிலிருந்து, 7 மீட்டர் உயரத்தில் உள்ளது, அதுவே கே.ஜி. கலம் சற்றே சாயும்போது மிதப்பு விசையின் கோடு கலத்தின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி மெட்டாசென்டர்; ஈர்ப்பு மையத்துக்கு மேல் அதன் உயரமே, நிமிர்ந்து நிற்கும் திறனைக் காட்டும் ஜி.எம். சேதத்துக்கு முன் அது 1.556 மீட்டர். சரிநடுவே, முழு அகலத்துக்கும் பரவிய 20 மீட்டர் நீள எஞ்சின் அறை கடலுக்குத் திறந்துவிட்டது. அறை நடுவில் இருப்பதால் கலம் எப்பக்கமும் சாயாது.

படி 1: எந்திரங்கள் அடைத்த இடத்தில் நீர் புகாது. எஞ்சின் அறையின் ஊடுருவுமையை, அதாவது நீர் நிரம்பக்கூடிய பங்கை, சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை) விதிகள் 0.85 என்று கொள்கின்றன. ஆகவே இழந்த நீளம் 17 மீட்டர், எஞ்சியது 83.

படி 2: இழந்த மிதப்பு 17 × 20 × 6 = 2,040 கன மீட்டர். அதை எஞ்சிய நீர்மட்டப் பரப்பான 1,660 சதுர மீட்டரால் வகுத்தால் கலம் 1.229 மீட்டர் அமிழும். புதிய ஆழம் 7.229. மேல்தளம் இன்னும் 2.77 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

படி 3: கே.பி., அதாவது கீலிலிருந்து மிதப்பு மையத்தின் உயரம், புதிய ஆழத்தில் பாதி, 3.614. மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் வரையான பி.எம். என்பது 83 × 20³ ÷ 12 என்பதை 12,000ஆல் வகுத்தால் கிடைக்கும் 4.611. இரண்டையும் கூட்டி, மாறாத கே.ஜி.யைக் கழித்தால் ஜி.எம். 1.225 மீட்டர்.

படி 4: புகுந்த நீரை ஏற்றிய சுமையாகக் கருதும் முறையில் சரிபாருங்கள். புகுந்த நீர் 2,458 கன மீட்டர், மொத்தம் 14,458, கே.ஜி. 6.424, கே.எம். (கே.பி., பி.எம். இரண்டின் கூட்டுத்தொகை) படி 3இல் போலவே 8.225. இங்கே நின்றுவிட்டால் ஜி.எம். 1.801 என்று வரும், அதாவது ஓட்டை விழுந்த கலம் முழுக்கலத்தைவிட உறுதியானது என்று தோன்றும். அறைக்குள் அலையும் நீரின் தளர்பரப்புத் திருத்தமான 0.784ஐக் கழிக்க மறப்பதே, தொடக்கநிலையில் மிகவும் அஞ்ச வேண்டிய பிழை. கழித்தால் 1.017.

1.225, 1.017 இரண்டில் எது சரி என்று குழம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் அதற்குரிய கன அளவால் (முதலாவதை 12,000ஆல், இரண்டாவதை 14,458ஆல்) பெருக்குங்கள்: இரண்டும் ஏறத்தாழ 14,700. நிமிர்த்தும் திறன் ஒன்றே, வகுக்கும் எண்தான் வேறு. இதனால்தான் சோலாஸ் 90 விதிகள், பயணிகள் கப்பலின் இருபுறமும் சமமாக நீர் புகும்போது குறைந்தது 0.05 மீட்டர் ஜி.எம். எஞ்ச வேண்டும் என்று கூறுவதோடு, அதை இழந்த மிதப்பு முறையிலேயே (படி 1 முதல் 3 வரை செய்ததுபோல்) கணக்கிட வேண்டும் என்றும் வரையறுத்தன.