லொத்தெரீயா விளையாடி ஸ்பானிஷ் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தரத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே "எங்கே, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுவிடுகிறார்கள். குழந்தை வாயைத் திறப்பதில்லை. காது நிறையக் கேட்ட பிறகுதான் பேச்சு வரும். வாய் திறக்காமலே பங்கெடுக்க இடம் கொடுக்கும் விளையாட்டு ஒன்று மெக்சிகோவில் இருக்கிறது. அதுதான் லொத்தெரீயா.

இத்தாலியில் பிறந்து, ஸ்பெயின் வழியாக 1769-ல் மெக்சிகோவுக்கு வந்த விளையாட்டு இது. இன்று எல்லோருக்கும் தெரிந்த படங்களோடு இதை 1887-ல் வெளியிட்டவர் க்ளெமென்தே ஜாக். மொத்தம் 54 படச்சீட்டுகள். ஒவ்வொருவர் கையிலும் 16 கட்டம் கொண்ட பலகை இருக்கும். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயர் சொல்ல, அந்தப் படம் உள்ளவர்கள் அதன்மேல் ஒரு பீன்ஸ் விதையை வைப்பார்கள். நம் ஊர் தம்போலா போலத்தான், எண்ணுக்குப் பதில் படம்.

1. சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

54-ம் வேண்டாம். சாவு, குடிகாரன் போன்ற சீட்டுகளும் அதில் உண்டு. இந்த 12 போதும்:

எல் சோல் (சூரியன்), எல் தம்போர் (முரசு), எல் பீனோ (பைன் மரம்), எல் பெஸ்காதோ (மீன்), எல் மெலோன் (முலாம்பழம்), எல் கொராசோன் (இதயம்), லா லூனா (நிலா), லா ரானா (தவளை), லா மானோ (கை), லா ரோசா (ரோஜா), லா சந்தீயா (தர்பூசணி), லா எஸ்த்ரேயா (நட்சத்திரம்).

'எல்', 'லா' இரண்டும் ஆங்கில 'the' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருபவை: ஆண்பால் சொல்லுக்கு 'எல்', பெண்பால் சொல்லுக்கு 'லா'. இரண்டையும் சொல்லோடு ஒட்டியே பழக்குங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ஒட்டவே ஒட்டாது. உச்சரிப்பில் தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு வசதி உண்டு: தம்போரில் வருவது நம் த-தான், ட அல்ல. ரானா, ரோசா இரண்டிலும் முதல் ர-வை மட்டும் நாக்கு அதிரும்படி சொல்லிக்காட்டுங்கள்.

2. சீட்டும் பலகையும்

பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, படங்களைக் குழந்தைகளையே வரையச் சொல்லுங்கள். 'எல்' சீட்டுக்குப் பச்சைக் கரை, 'லா' சீட்டுக்கு ஆரஞ்சுக் கரை போடுங்கள். ஓ-வில் முடியும் சொற்கள் பெரும்பாலும் 'எல்' பக்கம் போகும், ஆனால் மானோ மட்டும் 'லா' பக்கம்தான் போகும். இதையெல்லாம் இலக்கணமாக விளக்க வேண்டியதில்லை, நிறமே மனதில் பதிய வைத்துவிடும். பலகையில் 9 கட்டம் போதும், ஒவ்வொன்றிலும் படங்கள் வேறு வரிசையில் இருக்கட்டும்.

3. முதலில் உடம்பு, பிறகு பலகை

ஒரு நாளைக்கு மூன்று நான்கு சொற்கள். லா ரானா என்றால் குதிக்க வேண்டும். எல் தம்போர் என்றால் மேசையைத் தட்ட வேண்டும். எல் பீனோ என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். லா ரோசா என்றால் முகர்ந்து பார்க்க வேண்டும். நீங்களும் கூடவே செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆனதும் உங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொல்லை மட்டும் சொல்லுங்கள். அப்போதும் குதித்தால், சொல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

4. விளையாட்டு

இங்கே ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: சீட்டை உடனே காட்டாதீர்கள். "லா லூனா" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், மறுபடி சொல்லுங்கள், அதன் பிறகு காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் குழந்தைகள் படத்தோடு படத்தைப் பொருத்துவார்கள், காதுக்கு வேலை இருக்காது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவர்கள் ஸ்பானிஷை உண்மையாகவே கேட்கிறார்கள். பக்கத்துப் பலகையை எட்டிப் பார்க்கிறவர்களைத் திட்ட வேண்டாம், அதுவும் கற்றல்தான்.

மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் அறையில் இருந்தால் விதை வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பெரிய அட்டை வில்லைகள் வெட்டி வையுங்கள்.

ஒரு வரிசை நிறைந்ததும் குழந்தை "லொத்தெரீயா!" என்று கத்த வேண்டும். வகுப்பு அதிரட்டும், பரவாயில்லை. பிறகு அந்த மூன்று படங்களையும் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். தடுமாறினால் எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

5. அழைப்பவர் மாறட்டும்

சீட்டை அழைப்பவருக்கு மெக்சிகோவில் 'க்ரித்தோன்' என்று பெயர். அவர் வெறும் பெயரைச் சொல்வதோடு நிறுத்தமாட்டார், அடைமொழியும் போடுவார். சூரியன் 'ஏழைகளின் போர்வை', நிலா 'காதலர்களின் விளக்கு'. சில வாரம் கழித்து அந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். சின்ன அடைமொழி போதும்: "சால்த்தா, சால்த்தா... லா ரானா!" (குதிக்குது, குதிக்குது). கூச்சப்படும் குழந்தையோடு இன்னொருவரையும் சேர்த்து நிறுத்துங்கள். யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

மீதி நேரம் இருந்தால் அதே சீட்டில் ஐந்தைத் தரையில் பரப்பி, கண்ணை மூடச்சொல்லி ஒன்றை எடுத்துவிட்டு "கே ஃபால்த்தா?" (எது காணோம்?) என்று கேளுங்கள். எல்லாம் சேர்த்து 15 நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டால், அடுத்த வகுப்பில் அவர்களே வந்து கேட்பார்கள்.