கியர் பைக்குக்கு முழு லைசன்ஸ்: நாட்களை வீணாக்காமல் எடுப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாம் இந்தக் கேள்வி வரும்: "பதினாறு வயசுலயே ஒரு லைசன்ஸ் குடுக்குறாங்களாமே, அதை எடுத்து வச்சுட்டா பதினெட்டுல தானா முழு லைசன்ஸா மாறிடுமாமே?" 16 வயதில் ஒரு லைசன்ஸ் உண்டு, உண்மைதான். ஆனால் அது தானாக எதுவாகவும் மாறாது. அது எந்த வண்டிக்குச் செல்லும் என்று தெரிந்தால் பாதிப் பேர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயது முடிந்தவர் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத இன்ஜின் உள்ள வண்டி மட்டும். இப்போது நம்ம ஊர் ரோட்டில் ஓடுகிற எந்த வண்டி அதற்குள் வருகிறது, சொல்லுங்கள். வாழைத்தாரிலிருந்து பால் கேன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. அதற்கு முன்னால் வந்த எக்ஸ்எல் சூப்பரே 70 சிசிக்குப் பக்கம். ஸ்கூட்டி பெப் 90 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக்டிவா 110. "எக்ஸ்எல்லுக்கெல்லாம் லைசன்ஸ் கேக்கமாட்டாங்க" என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள், அதற்கும் லைசன்ஸ் வேண்டும், அதுவும் 18 வயது ஆனவருக்குத்தான். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட சின்ன பேட்டரி வண்டிக்கு மட்டும் லைசன்ஸ் கேட்பதில்லை.

ஆகையால் 16 வயதில் அந்த லைசன்ஸை வாங்கிக் கையில் கொடுத்து, கூடவே ஆக்டிவா சாவியையும் கொடுக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த வண்டியைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளை லைசன்ஸ் இல்லாதவர்தான். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி இதில் மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவை 12 மாதத்துக்கு ரத்து செய்வார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது கடைசியாக இருக்கும் விதி. அந்தப் பிள்ளைக்கு 25 வயது முடியும்வரை எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசன்ஸ் கூடக் கிடைக்காது. சீக்கிரம் லைசன்ஸ் வேண்டும் என்று ஆரம்பித்தது ஏழு வருஷம் தள்ளிப்போய்விடும். 18 வரைக்கும் காத்திருப்பதுதான் இதில் சீக்கிரமான வழி.

சரி, 18 ஆகப்போகிறது. அந்தப் பிறந்தநாளுக்கு முன்னாலேயே செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆதாரையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், நம்ம பக்கம் இரண்டு இனிஷியல் வைக்கிற பழக்கம் வேறு இருப்பதால் ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் ஒன்றுமாகப் போயிருக்கும், பிறந்த தேதியில் வருஷம் மட்டும் இருக்கிற பழைய ஆதாரும் உண்டு. இதை எல்லாம் 18க்கு முன்னாலேயே திருத்தி வைத்துவிட்டால் விண்ணப்பம் எங்கேயும் நிற்காது. ஆதாரோடு சேர்ந்த செல் நம்பர் இப்போது கையில் இருக்கிற நம்பர்தானா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவின் பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தால் இங்கே ஒரு வேலையும் நடக்காது.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதியில் போடுவது, இ-சேவை மையத்தில் சொன்னாலும் போட்டுக் கொடுப்பார்கள். அங்கே எந்த வகை வண்டி என்று கேட்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி என்று இரண்டு வகை இருக்கும். "இப்ப ஸ்கூட்டிதானே ஓட்டப்போறேன், அது ஈஸி, பைக்கை அப்புறம் பாத்துக்கலாம்" என்று கியர் இல்லாததை மட்டும் டிக் அடித்துவிடுவார்கள். அந்த அப்புறம் வரும்போது மறுபடி புது எல்.எல்.ஆர்., மறுபடி 30 நாள் காத்திருப்பு, மறுபடி டெஸ்ட், மறுபடி கட்டணம். முதலிலேயே கியர் வண்டியில் டெஸ்ட் கொடுத்துப் பாஸ் ஆனவர் கியர் இல்லாத வண்டியையும் ஓட்டலாம், தனி டெஸ்ட் தேவையில்லை. அதனால் பைக் ஓட்டும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், இன்றைக்கு வீட்டில் ஸ்கூட்டி மட்டும் நின்றாலும் சரி, கியர் வகையையே போடுங்கள். கார் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இருந்தால் அதையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே 30 நாள் ஓடிவிடும்.

ஏற்கெனவே கியர் இல்லாத லைசன்ஸ் மட்டும் வைத்திருக்கும் அக்காமார்கள், சித்திமார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வருவார்கள், வீட்டில் ஸ்ப்ளெண்டர் சும்மா நிற்கும். அவர்கள் புது லைசன்ஸ் எடுக்க வேண்டாம், இருக்கிற லைசன்ஸில் கியர் வகையைக் கூடுதலாகச் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் லைசன்ஸ் கையில் இருப்பதால் எல்.எல்.ஆருக்கான கேள்வித் தேர்வு அவர்களுக்குக் கிடையாது. 30 நாள் காத்திருப்பும், டெஸ்டில் எட்டு போடுவதும், அதாவது எட்டு வடிவக் கோட்டில் ஓட்டிக் காட்டுவதும், உண்டு. 40 வயது தாண்டியிருந்தால் டாக்டர் கையெழுத்திட்ட ஃபார்ம் 1ஏ வேண்டும்.

எல்.எல்.ஆர். தேர்வு பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, தமிழிலேயே எழுதலாம், 60 சதவீதம் எடுத்தால் போதும். வட்டப் பலகை என்றால் கட்டாயம் கேட்க வேண்டிய உத்தரவு, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல் என்பதை மனசில் வைத்தாலே பாதிக் கேள்வி முடிந்தது. மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடணும், ரவுண்டானாவில் வலப்பக்கம் வரும் வண்டிக்கு வழிவிடணும், இதெல்லாம் அடிக்கடி கேட்பது.

எல்.எல்.ஆர். வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து 30 நாள் முடியாமல் டெஸ்ட் கிடையாது, யார் சிபாரிசு செய்தாலும் கிடையாது. 6 மாதம் தாண்டினால் அந்த எல்.எல்.ஆர். செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். "எட்டுப் போடாமலே முடிச்சுத் தர்றேன், இவ்வளவு குடுங்க" என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பைக் லைசன்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான் போகணும் என்ற கட்டாயமும் இல்லை. மத்திய விதியில் உள்ள கட்டணம் எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150, எல்.எல்.ஆர். தேர்வுக்கு 50, டெஸ்டுக்கு ஒரு வகைக்கு 300, லைசன்ஸுக்கு 200, இதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

இந்த ஒரு மாதத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெஸ்டில் தவறினால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி போகமுடியும், மூன்று தடவை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். முதல் தடவையே பாஸ் ஆவதைவிட வேகமான வழி கிடையாது.

பழகுவதற்கு நம்ம ஊர் மாதிரி வசதி வேறெங்கும் இல்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், எந்த நகரத்தார் ஊரை எடுத்தாலும் தெரு அகலமாக, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும், முக்கால்வாசி வீடு பூட்டியே கிடக்கும். ஆனால் அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடு நீளமாகப் போவதால் குறுக்குத்தெரு சேரும் முக்கில் மதில்தான் தெரியும், அந்தப் பக்கம் வருவது எதுவும் தெரியாது. முக்குக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு இறங்கி, ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். புதுவயல் பக்கம் அரிசி ஆலைக்கு வரும் லாரிகளோடு பழகுவதை முதல் இரண்டு வாரம் தவிர்த்துவிடுங்கள். தை மாதம் பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் குன்றக்குடிச் சாலையில் இருட்டோடு இருட்டாகப் போவார்கள், அந்த நாட்களில் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஆளில்லாத தெருவானாலும் அது பொது இடம்தான், எல்.எல்.ஆர். கையில் இல்லாமல் இறங்காதீர்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் ஒட்ட வேண்டும், பலகை 18 சென்டிமீட்டர் சதுரம். பின்னால் உட்காரக்கூடியவர் லைசன்ஸ் உள்ள, சொல்லிக்கொடுக்கிற ஆள் மட்டும்தான். கூட்டாளியை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போய்வருவதெல்லாம் லைசன்ஸ் வந்த பிறகு. ஹெல்மெட் முதல் நாளிலிருந்தே, டெஸ்டுக்கு மட்டும் இரவல் வாங்கிப் போடுவது கூடாது. பழகாத தலைக்கு அன்றைக்கு அது பாரமாக இருக்கும், பக்கவாட்டுப் பார்வையும் குறைந்த மாதிரி தோன்றும்.

இனி எட்டு. பொட்டலில் இடம் பார்த்து, சரளை உருளாத கெட்டித் தரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் பொடிக்கல் கிடந்தால் ஹேண்டிலைத் திருப்பும்போது முன்சக்கரம் வழுக்கும். சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டாக வரைந்து தொடங்கி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்குங்கள். முதல் கியர், கிளட்சை முழுசாக விடாமல் வண்டி இழுக்கத் தொடங்கும் அந்த இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக, வேகத்தைக் குறைப்பது முழுக்க வலது கால் பிரேக்கால். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சாய்ந்துவிடும், அந்த இரண்டு விரலை அங்கிருந்து எடுத்தே விடுங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, அடுத்து போகப்போகும் வளைவைப் பார்க்க வேண்டும், தலை திரும்பிய பக்கம் வண்டி தானாகத் திரும்பும். கால் தரையில் படக்கூடாது. எட்டின் நடுவில் கோடு குறுக்கிடும் இடத்தில் இடது சாய்விலிருந்து வலது சாய்வுக்கு மாறும் அந்த ஒரு நொடியில்தான் நிறையப் பேர் ஆக்ஸிலேட்டரை விட்டு வண்டியை அணைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

இன்னொன்று. எந்த வண்டியில் பழகினீர்களோ அதிலேயே டெஸ்டுக்குப் போங்கள். ஸ்ப்ளெண்டரில் எல்லாக் கியரும் முன்னங்காலால் கீழே அழுத்திப் போடுவது, பல்சரில் முதல் கியர் கீழே, மற்றது எல்லாம் மேலே. ஒரு மாதம் ஸ்ப்ளெண்டரில் ஓட்டிய கால் அன்றைக்கு அண்ணனின் பல்சரில் குழம்பிப்போகும். புல்லட் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் எட்டுக்கு எடை குறைந்த வண்டியையே எடுத்துப் போகலாம், 18 வயதில் எடுக்கும் கியர் லைசன்ஸில் சிசி கணக்கு கிடையாது, வகை ஒன்றுதான், அதை வாங்கிவிட்டால் புல்லட்டும் அதற்குள் வந்துவிடும்.

டெஸ்ட் அன்றைக்கு எல்.எல்.ஆர்., ஆதார், அப்புறம் வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ். இன்ஷூரன்ஸ் தேதி முடிந்த வண்டியைக் கொண்டுபோய் நின்றால் அன்றைய நாள் போச்சு. முந்தைய நாளே டயரில் காற்று, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் பார்த்துவிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கை சிக்னல் கேட்பார், வலது, இடது, மெதுவாக, நிறுத்து, நான்கையும் ஓட்டிக்கொண்டே காட்டத் தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்த்து, ஸ்டாண்டு எடுத்தோமா என்று பார்த்து, அவசரமில்லாமல் கிளம்புங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் தடுமாறி இறங்கியிருந்தால் அதைப் பார்த்துப் பதறவேண்டாம், அவர் பழகியது வேறு, நீங்கள் பழகியது வேறு.

பாஸ் ஆனதும் கார்டு கையில் தரமாட்டார்கள், தபாலில்தான் வரும். கதவிலக்கமும் தெருவும் விண்ணப்பத்தில் சரியாக இருக்க வேண்டும், நம்ம ஊர்களில் ஒரே விலாசத்தில் பங்காளி வீடு மூன்று இருக்கும், தபால்காரருக்கு உங்களைத் தெரியும்படி ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லி வையுங்கள். அதுவரை டிஜிலாக்கரில் இறங்கும் பிரதி செல்லும். கார்டு வந்ததும் பெயர், பிறந்த தேதியோடு சேர்த்து வண்டி வகை இருக்கும் வரியையும் படியுங்கள், எம்.சி.டபிள்யூ.ஜி. என்று இருந்தால் கியர் வண்டி, நடுவில் ஓ வந்து எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்று மட்டும் இருந்தால் கியர் இல்லாதது. தப்பாக வந்திருந்தால் அன்றைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்த் திருத்தக் கொடுத்துவிடுங்கள்.