ஆன்லைனில் ஒரு பெட்ஷீட் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

கமிஷன் போக மீதி நமக்குத்தானே என்ற நினைப்பில்தான் பலரும் ஆன்லைன் சந்தையில் கடை போடுகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். கமிஷனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில், காசு வேறு வாசல் வழியாக வெளியேறியதைக் கவனிக்கவில்லை.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னிமலை பெட்ஷீட் ஒன்றை ரூ.599-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் கட்டணங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தளத்தின் கட்டணப் பட்டியலைப் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: வரியைக் கழியுங்கள்

ரூ.599-க்குள் 5% ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. 1.05-ஆல் வகுத்தால் சுமார் ரூ.570. உங்கள் வரவு இவ்வளவுதான்.

இரண்டாம் படி: பார்சலை அளவெடுங்கள்

தராசு மட்டும் போதாது, அளவு நாடாவும் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அப்படி வரும் கிலோ எடை, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் அனுப்பும் கட்டணம். 900 கிராம் பெட்ஷீட்டை 30×25×10 பெட்டியில் வைத்தால் அது 1.5 கிலோ ஆகிவிடுகிறது. காற்றுக்கும் கூலி கொடுக்கிறோம்! அதையே இறுக்கி மடித்து உயரத்தை 6 சென்டிமீட்டராகக் குறைத்தால் 0.9 கிலோ. இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

மூன்றாம் படி: பிடித்தங்களைக் கூட்டுங்கள்

கமிஷன் 12% என்றால் ரூ.72, நிலையான கட்டணம் ரூ.25, அனுப்பும் கட்டணம் ரூ.75. ஆக ரூ.172. இவற்றின் மேல் 18% ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். ஜிஎஸ்டி பதிவு செய்து முறையாகக் கணக்குத் தாக்கல் செய்பவர் அதை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் சரிக்கட்டிக்கொள்ளலாம். தளம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் (ஜிஎஸ்டிக்காக) 0.5 சதவீதமும் டிடிஎஸ் (வருமான வரிக்காக) 0.1 சதவீதமும் அப்படியே. உங்கள் கணக்கில் வரவாக வந்துவிடும் என்பதால் பயப்பட வேண்டாம்.

சரக்கின் விலை ரூ.270, பேக்கிங் ரூ.15. எல்லாம் போக நிற்பது ரூ.113.

கமிஷனே இல்லாத தளங்களும் உண்டு. மீஷோ 2021-இல் அப்படி அறிவித்தது. அங்கே தளத்துக்கு விளம்பரத்திலும் பார்சல் போக்குவரத்திலும் வருமானம் வருகிறது. வாங்குபவர் கூட்டமாக வந்தால்தான் விற்பவர் வருவார், விற்பவர் இருந்தால்தான் வாங்குபவர் வருவார். ஆகையால் விலையைப் பார்த்து ஓடிவிடக்கூடிய வாங்குபவரிடம் கைவைக்காமல், விற்பவரிடம் வசூலிப்பதே வழக்கம்.

நான்காம் படி: ரிட்டர்ன்

நான் சறுக்கியது இங்கேதான். 100 ஆர்டரில் 20 திரும்பி வருவதாக வையுங்கள். வாசல்வரை போய், பணம் கொடுத்து வாங்க ஆளில்லாமல் திரும்புவதும் இதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் போகும் கூலி ரூ.75, வரும் கூலி ரூ.90, பேக்கிங் ரூ.15 என்று ரூ.180 நஷ்டம். அந்த 20-இல் 4 பெட்ஷீட்டுகள் மறுபடி விற்க முடியாத நிலையில் வந்தால் இன்னும் ரூ.1,080.

80 விற்பனையில் ரூ.9,040 லாபம். அதிலிருந்து ரூ.3,600-ஐயும் ரூ.1,080-ஐயும் கழித்தால் ரூ.4,360. விற்பனை ஒன்றுக்கு ரூ.54. ரூ.113 பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

ஐந்தாம் படி: விளம்பரம்

ஒரு கிளிக்குக்கு ரூ.4, 15 கிளிக்குக்கு ஒரு விற்பனை என்றால் செலவு ரூ.60. ரூ.54 லாபத்துக்கு ரூ.60 செலவு! விளம்பரம் மூலம் எத்தனை விற்றாலும் கைக்காசுதான் கரையும்.

ஆறாம் படி: இரண்டாகக் கட்டி விற்றுப் பாருங்கள்

இரண்டு பெட்ஷீட் சேர்த்து ரூ.1,099 என்று போடுங்கள். வரி போக ரூ.1,047. சரக்கு ரூ.540, பேக்கிங் ரூ.20, கமிஷன் ரூ.132, நிலையான கட்டணம் அதே ரூ.25. அனுப்பும் கட்டணம் இரட்டிப்பாகாது, ரூ.110 என்று வைப்போம். நிற்பது ரூ.220. வரும் கூலியை ரூ.125 ஆக்கி, ரிட்டர்ன் கணக்கை அதே 20-க்கு மறுபடி போட்டாலும் விற்பனைக்கு ரூ.129 மிஞ்சுகிறது. விளம்பரத்துக்கு ரூ.60 கொடுத்த பிறகும் ரூ.69 கையில் இருக்கிறது.