ஜவ்வரிசியை வைத்து வர்த்தகப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

இந்தியாவும் ஆசியான் (தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு) நாடுகளும் போட்ட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் தாய்லாந்தும் கூட்டாளி. சேலம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) அரைத்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கிறோம். தாய்லாந்தோ அதே கிழங்கின் மாவை உலகத்துக்கே அனுப்புகிறது. ஒரே சரக்கை வைத்திருக்கும் இருவர் யாருக்கு எதை விற்பது? எக்செல் இருந்தால் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அடிப்படை, பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் சொன்னதுதான். எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறவருக்கும், தனக்கு அதிக மிச்சம் தருவதில் கைவைத்து மற்றதை வாங்கிக்கொள்வதே லாபம். இதுவே ஒப்பீட்டு நன்மை.

படி 1: தரவு

ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில் ஏற்றுமதி, இறக்குமதி மதிப்புகளை எடுங்கள். அங்கே நாடுதான் அலகு; சேலம் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் அரசுக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால் இரண்டையும் கலக்காதீர்கள்.

சரக்குகளை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எண்களே எச்.எஸ். குறியீடுகள். நம் ஊர்ச் சரக்குகளுக்கு அவை: மரவள்ளி மாவு 110814, ஜவ்வரிசி 1903, வறுக்காத காபிக்கொட்டை 090111, முழு மிளகு 090411, வெள்ளி நகை 711311 (கொலுசு இதில்தான் வரும்). தரவை எக்செல்லில் ஒட்டுவதற்கு முன்பே, இந்த எண்கள் வரும் நிரலை (column) ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை எக்செல் விழுங்கிவிடும். 090111 என்பது 90111 ஆகி எதனோடும் பொருந்தாது.

படி 2: ஒப்பீட்டு நன்மைக் குறியீடு

பொருளாதார அறிஞர் பலாசா 1965-ல் கொடுத்த சூத்திரம் இது. நாட்டின் மொத்த ஏற்றுமதியில் அந்தச் சரக்கின் பங்கை, உலக ஏற்றுமதியில் அதே சரக்கின் பங்கால் வகுக்க வேண்டும். பழகுவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: நாட்டின் ஏற்றுமதி 1,000 கோடி, அதில் மாவு 20 கோடி, பங்கு 2%. உலகில் அதன் பங்கு 0.5%. விடை 4. ஒன்றுக்கு மேல் வந்தால் நன்மை உண்டு. ஒரு சரக்கில் இரு நாட்டுக்குமே ஒன்றுக்கு மேல் வந்தால், மூன்றாம் நாட்டுச் சந்தையில் இருவரும் போட்டியாளர்கள்.

படி 3: பொருத்தக் குறியீடு

நாம் விற்பதும் கூட்டாளி வாங்குவதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண் இது; 100 வந்தால் முழுப் பொருத்தம். ஒவ்வொரு சரக்குக்கும் நம் ஏற்றுமதிப் பங்கையும் கூட்டாளியின் இறக்குமதிப் பங்கையும் அடுத்தடுத்த நிரல்களில் வையுங்கள். வித்தியாசங்களைக் குறி பாராமல் கூட்டி, பாதியாக்கி, 100-லிருந்து கழியுங்கள். இதுவும் கற்பனைக் கணக்கு: நம் ஏற்றுமதியில் மாவு 50, காபி 30, வெள்ளி 20, அவர்கள் இறக்குமதியில் 20, 50, 30. வித்தியாசம் 30, 20, 10. கூட்டினால் 60, பாதி 30, பொருத்தம் 70.

ஜாதகப் பொருத்தம் போல ஒருமுறை பார்த்தால் போதாது. அவர்கள் ஏற்றுமதிக்கும் நம் இறக்குமதிக்கும் தனியாகப் பாருங்கள். விடை வேறாக வரும்.

எங்கே சறுக்கும்?

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: மொத்த வர்த்தகத்தில் பங்கு எடுத்துவிட்டு, மேலே சொன்ன ஐந்து சரக்கை மட்டும் படி 3-இல் போடுவார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளி என்பதால் வித்தியாசமும் துளி. பொருத்தம் 99 என்று வந்து நிற்கும். விட்டுப்போன சரக்குகளின் வித்தியாசம் கழியவே இல்லை! எல்லா எச்.எஸ். குறியீடுகளையும் சேர்த்தால்தான் கணக்கு.

எச்.எஸ். குறியீட்டில் எத்தனை இலக்கம் எடுக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். இரண்டு இலக்கத்தில் 09 என்றால் காபி, டீ, மிளகு, ஏலக்காய் எல்லாம் ஒரே மூட்டை. ஆறு இலக்கத்துக்குப் போனாலும் சேர்வராயன் மலையின் அரபிகா காபியும் வியட்நாமின் ரொபஸ்டா காபியும் அதே 090111-தான். எட்டு இலக்கத்தில் நம் நாடு இவற்றைப் பிரிக்கிறது. ஆனால் ஆறுக்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரிப்பதால் நாடுகளுக்கிடையே ஒப்பிட முடியாது. காபிக்கு வரும் விடையை அரைமனதோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வரிசிக்கு வேறு சிக்கல். சேலத்துச் சரக்கில் பெரும்பகுதி மகாராஷ்டிரம் போன்ற வடமாநிலங்களுக்கு விரதகால கிச்சடிக்காக லாரி ஏறுகிறது. துறைமுகம் தொடாத சரக்கு ஒப்பீட்டு நன்மைக் குறியீட்டின் கண்ணில் படாது. ஆகவே 1903-க்குப் படி 2-இன் விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் சேலத்துக்குத் திறமை இல்லை என்று எழுதிவிடாமல், உள்நாட்டு விலையையும் ஏற்றுமதி விலையையும் பக்கத்தில் ஒரு நிரலில் போட்டுப் பாருங்கள்.