மரியாவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டாதீர்கள்

கதையோ செய்தியோ சான்றிதழோ, ஸ்பானிய மொழியிலிருந்தும் போர்த்துக்கீசியத்திலிருந்தும் தமிழாக்கப் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது பெண்களின் பெயர்களில்தான். எழுத்துப்பிழையைச் சொல்லவில்லை, மெய்ப்புப் பார்ப்பவர் அதைப் பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பி அச்சேறிவிடும் தவறுகள் இவை.

மரியாதான் பெயர், மற்றதெல்லாம் ஒட்டு என்று எண்ணுவது

மரியா தெல் பிலார், மரியா தெ லோஸ் தொலோரெஸ், மரியா தெல் ரொசாரியோ. மூன்றிலும் மரியா பொது. ஆள் யாரென்று காட்டுவது பின்னால் வருவதுதான். மாதாவின் எந்தத் திருநாமத்தை வைத்தார்களோ அதையோ அதன் செல்ல வடிவத்தையோ சொல்லித்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். நம்மூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வியாகுலமேரி, சகாயமேரி என்று வைப்பதும் இதே வழக்கம். சகாயமேரியை ‘மேரி’ என்று குறித்துவிட்டு, சகாயத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுவோமா? ஸ்பானியப் பெண்ணுக்கு மட்டும் அதைத் தயங்காமல் செய்கிறார்கள். அக்காள் தங்கை எல்லோர் பெயரும் மரியாவில் தொடங்கும் வீடுகள் ஏராளம். பின்பாதியை வெட்டினால் அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

ஸ்பெயின் ஆவணங்களில் ‘எம்’ எழுத்தும் அதன்மேல் சிறிய ‘ஏ’யும் இருக்கும், மெக்சிகோவில் ‘எம்ஏ’ போட்டுப் புள்ளி வைப்பார்கள். இரண்டும் மரியாவின் சுருக்கம். அப்பா பெயரின் இனிஷியல் என்று நினைத்து ‘எம். பிலார்’ என்று எழுதுவது சகிக்க முடியாத பிழை. கதையில் வந்தால் விரித்து ‘மரியா’ என்று எழுதுங்கள். சான்றிதழில் விரிக்காதீர்கள்: மெக்சிகோவில் சிலருக்குப் பிறப்புப் பதிவிலேயே சுருக்கம்தான் சட்டப்படியான பெயர், விரித்தால் மற்ற ஆவணங்களோடு பொருந்தாது.

மெக்சிகோ அரசே மரியாவைத் தாண்டித்தான் படிக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் தரும் ‘குர்ப்’ என்ற 18 எழுத்து அடையாளக் குறியீட்டில் நான்காவது எழுத்து இயற்பெயரின் முதலெழுத்து. முதற்பெயர் மரியா என்றால் அதை விட்டு அடுத்ததை எடுப்பார்கள். மரியா குவாதலூப்பேக்கு அந்த இடத்தில் ‘ஜி’ வரும், ‘எம்’ வராது.

பிரேசிலில் குடும்ப வன்முறைக்கு எதிராக 2006 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்தான 11.340ஆம் எண் சட்டத்தை ‘மரியா தா பெஞ்ஞா சட்டம்’ என்பார்கள். 1983இல் கணவன் சுட்டதில் நடக்க முடியாமற்போன பெண்ணின் பெயர் அது. முழுப்பெயர் மரியா தா பெஞ்ஞா மாயா ஃபெர்னாந்தெஸ். ‘மரியா சட்டம்’ என்று சுருக்கினால் எந்த மரியா? அநீதியை எதிர்த்து நின்றவரின் பெயரைப் பாதியாக்குவது மரியாதையும் அல்ல.

வெட்ட வேண்டியிருந்தால் வலப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். ஸ்பானியப் பெயரில் கடைசி இரண்டும் குடும்பப்பெயர்கள். வழக்கமாக அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது பிறகு. ‘தெ லா க்ரூஸ்’ போன்றவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும். 1945இல் நோபல் பெற்ற சிலிக் கவிஞர் கப்ரியேலா மிஸ்த்ராலின் இயற்பெயரைப் பாருங்கள்: லூசிலா தெ மரியா தெல் பெர்பெத்துவோ சொக்கோர்ரோ கொதோய் அல்கயாகா. கடைசி இரண்டை எடுத்துவிட்டால் மீதி முழுவதும் சூட்டிய பெயர். பெர்பெத்துவோ சொக்கோர்ரோ நம் இடைவிடா சகாயமாதாவேதான். இயற்பெயரை அகரவரிசையில் வைத்தால் இவர் கொதோயின் கீழ் வருவார். போர்த்துக்கீசிய வழக்கில் அப்பாவுடையது கடைசியில் வரும். மரியா தா பெஞ்ஞாவை ஃபெர்னாந்தெஸ் என்ற இடத்தில் தேட வேண்டும்.

ஈற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தீர்ப்பது

ரொசாரியோ, கொன்சுவெலோ, அம்பாரோ எல்லாம் ‘ஓ’வில் முடியும் பெண் பெயர்கள். மரியா ஹொசே பெண். ஹொசே மரியா ஆண், ஸ்பெயின் பிரதமராக இருந்த அஸ்னாரைப் போல. குவாதலூப்பே என்றாலே பெண் என்றும் முடிவுகட்ட முடியாது: 1824இல் மெக்சிகோவின் முதல் குடியரசுத் தலைவரானவர் குவாதலூப்பே விக்தோரியா என்ற ஆண். ‘அவள்’ என்று எழுதுமுன் மூலத்தில் பெயரடையின் பாலைப் பாருங்கள்.

செல்லப்பெயரை வேறொருத்தி என்று நினைப்பது

ஹொசெஃபா பெப்பா ஆவாள், ஃபிரான்சிஸ்கா பாக்கா, ரொசாரியோ ச்சாரோ, தொலோரெஸ் லோலா, மரியா தெரெசா மைத்தே. நாவலைத் தொடங்குமுன் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குழப்பம் வேண்டாமென்று ஒரே பெயராக்கிவிடாதீர்கள். யார் லோலா என்கிறார், யார் தொலோரெஸ் என்கிறார் என்பதில்தான் உறவு தெரியும். கொன்செப்சியோனைக் ‘கோன்ச்சா’ என்பது ஸ்பெயினில் சாதாரணம், அர்ஜென்டினாவில் அது கெட்ட வார்த்தை.

கல்யாணமானதும் குடும்பப்பெயரை மாற்றுவது

ஸ்பெயினில் மாறாது. நீங்களும் மாற்றாதீர்கள்.

‘எம்’ என்றால் ஆண் என்று படிப்பது

குர்ப்பில் பாலைக் குறிக்கும் இடத்தில் ‘எம்’ பெண், ‘எச்’ ஆண். ஸ்பெயினின் டிஎன்ஐ என்ற தேசிய அடையாள அட்டையில் ‘எம்’ ஆண், ‘எஃப்’ பெண்.

வல்லினத்தை ஒற்றையாக விடுவது

குவாதலூப்பேயின் செல்லப்பெயரை ‘லூபே’ என்று எழுதினால் தமிழ் வாய் பகரத்தை மெலித்துவிடும். லூப்பே, லுப்பீத்தா என்று இரட்டியுங்கள். ஸ்பானிய ‘ஜே’ ஹகரம், எனவே ஹுவானா, ஹிமெனா. போர்த்துக்கீசியத்தில் ஜகரத்துக்குப் பக்கம், எனவே ஜுவானா. தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிய ‘என்’னுக்கு நம்மிடம் ஞகரம் இருக்கிறது. பெகோஞா என்று எழுதுங்கள், பெகோனா வேண்டாம்.