லாஸ் க்ரூசெஸ் நகரில் மெக்சிகன் சாப்பாடு: எதைக் கேட்டு வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துத் தெற்கில், டெக்சஸின் எல் பாசோ நகரிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் லாஸ் க்ரூசெஸுக்கு. மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். அதை ஒட்டியிருக்கும் மெசீயா என்ற சிற்றூர், அமெரிக்கா மெக்சிகோவிடம் நிலம் வாங்க 1853-இல் கையெழுத்தான காட்ஸ்டன் ஒப்பந்தத்துக்கு முன் மெக்சிகோ மண்ணாகவே இருந்தது. இங்கே மெக்சிகன் சமையல் ஊர்ச் சமையல். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைகளில் பழகிய நாக்கோடு போனால், பாதிச் சாப்பாடு புரியாமல் போய்விடும்.

உட்கார்ந்து என்சிலாடாவோ புரிட்டோவோ (இரண்டும் டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் செய்பவை) கேட்டதும், “ரெட் ஆர் கிரீன்?” என்பார்கள். மேலே எந்த மிளகாய்ச் சாந்து வேண்டும் என்பதுதான் கேள்வி. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே இதை அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் “கிறிஸ்துமஸ்” என்று சொன்னால் போதும்.

பச்சையும் சிவப்பும் ஒரே செடியின் காய்தான். பச்சையாகப் பறித்து, தீயில் தோல் கருகச் சுட்டு, உரித்து நறுக்கினால் கிரீன். செடியிலேயே பழுக்கவிட்டு, காயவைத்து, ஊறவைத்துப் பூண்டும் உப்பும் சேர்த்து அரைத்தால் ரெட். இந்த நீளமான மிளகாய் வகைக்கு அடித்தளம் போட்டவர் ஃபாபியன் கார்சியா. இவ்வூர் வேளாண் கல்லூரியிலிருந்து ‘நியூ மெக்சிகோ நம்பர் 9’ ரகத்தை 1921-இல் வெளியிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய மாநிலப் பல்கலைக்கழகம். நம் குண்டூர் மிளகாயைவிடக் காரம் குறைவு, சதை அதிகம். அதனால்தான் கரண்டி கரண்டியாக ஊற்றிச் சாப்பிட முடிகிறது.

சிவப்புதான் காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாள் பச்சைதான் கூடுதலாக எரிக்கும். விளைச்சலைப் பொறுத்து மாறுவதால், “இன்றைக்கு எது காரம்?” என்று பரிமாறுபவரிடமே கேளுங்கள். முதல் தடவை இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வாங்கிச் சுவைத்துவிட்டு முடிவு செய்யலாம். புதுப் பச்சை மிளகாய் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும்; மற்ற மாதங்களில் உறையவைத்ததுதான், ஆனாலும் நன்றாகவே இருக்கும். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, காரப்பொருள் நீரில் கரையாது. பால், புளித்த க்ரீம், அல்லது தேன் ஊற்றிய சோபபீயா கைகொடுக்கும். சோபபீயா என்பது பூரிபோல் உப்பிய மாவுப் பண்டம். ஒரு மூலையைக் கிள்ளித் தேனை உள்ளே ஊற்ற வேண்டும்.

ஒரே ஒரு தட்டுத்தான் சாப்பிட முடியும் என்றால், அடுக்கு என்சிலாடா கேளுங்கள். சுருட்டியது வேண்டாம், அடுக்கியது. மக்காச்சோள டார்ட்டியாவைச் சூடான எண்ணெயில் சில நொடி போட்டு எடுத்து, சிவப்புச் சாந்தில் முக்கி, சீஸும் நறுக்கிய வெங்காயமும் தூவி, மேலே அடுத்தது என்று மூன்று அடுக்கு. உச்சியில் ஓர் ஆஃப்பாயில். தானாக வராது, கேட்டால்தான் வைப்பார்கள். கருவை உடைத்துச் சாந்தோடு கலந்துவிட்டால் காரம் சட்டென்று இறங்கும். எண்ணெயில் போடுவது டார்ட்டியா சாந்தில் ஊறிக் கூழாகாமல் இருப்பதற்காக. அதைத் தவிர்த்த கடையில் முள்கரண்டி வைத்ததுமே எல்லாம் குழைந்து கிடக்கும். தட்டு அடுப்பிலிருந்து நேராக வருகிறது, தொடாதீர்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய. கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைவிடத் தெரியாத கொழுப்புதான் சிக்கல். மசித்த பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும். தக்காளிச் சாதம் கோழிச் சாற்றில் வெந்திருக்கும். கோதுமை டார்ட்டியாவிலும் கொழுப்பு சேர்ப்பதுண்டு; மக்காச்சோள டார்ட்டியாவில் சுண்ணாம்பு நீரில் வெந்த சோள மாவும் தண்ணீரும்தான். சோள மாவில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது தமாலே; ‘சீஸும் பச்சை மிளகாயும்’ என்று போட்டிருந்தாலும் அதன் மாவில் பன்றிக்கொழுப்பு பிசைந்திருக்க வாய்ப்பு அதிகம். பச்சைச் சாந்தில் பன்றித் துண்டு போடும் கடைகளும் உண்டு. “சின் கார்னே” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரலாம். “சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா” என்று மூன்றையும் சொல்லுங்கள், போயோ கோழி, மந்தேகா பன்றிக்கொழுப்பு. பூசணி வகைக் காயும் சோளமும் வதக்கிய கலபசிதாஸ் நல்ல தேர்வு. முட்டை சாப்பிடுவீர்களென்றால் சீஸ் அடைத்த மிளகாயை முட்டை மாவில் தோய்த்துப் பொரித்த சிலே ரெய்யேனோவும் ஆகும்.

மாடு, பன்றி தவிர்ப்பவர்களுக்கு: டார்ட்டியாவை மடித்து உள்ளே நிரப்பிய டாகோவை வெறுமனே கேட்டால் பெரும்பாலும் அரைத்த மாட்டிறைச்சி. கார்னே அசாடாவும் பார்பகோவாவும் பொதுவாக மாடு. கார்னிடாஸ், அல் பஸ்தோர், அடோவாடா, சிச்சரோன் நான்கும் பன்றி. லெங்குவா மாட்டு நாக்கு. போயோ என்றால்தான் கோழி.

எப்போது போவது என்பதும் முக்கியம். குடும்பக் கடைகளில் பல காலையும் மதியமும் மட்டும் நடக்கும். பிற்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இருக்கும். மெனூதோ என்ற மாட்டுக்குடல் சூப் பல இடங்களில் சனி, ஞாயிறு காலைதான். பதினொரு மணிக்கு மேல் போனால் தீர்ந்திருக்கலாம். மெசீயா சதுக்கத்தில் 1939-இல் தொடங்கிய லா போஸ்தா உணவகம், அதன் கட்டடத்துக்காகவும் பார்க்க வேண்டிய இடம். வார இறுதியில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் வரும் சிப்ஸும் சால்சாவும் பசியைத் தின்றுவிடும், கையைக் கட்டுப்படுத்துங்கள். ‘காம்பினேஷன்’ தட்டில் என்சிலாடா, டாகோ, ரெய்யேனோ, சாதம், பீன்ஸ் எல்லாம் வரும். ஒருவருக்கு அதிகம், இரண்டு பேர் பகிரலாம். குடிக்க ஹமாய்க்கா வாங்குங்கள். புளிச்சகீரை இனச் செடியின் சிவந்த புல்லி இதழ்களில் எடுத்த புளிப்பான பானம், காரத்துக்கு ஏற்றது. அரிசியும் பட்டையும் அரைத்த ஓர்சாதாவில் சில கடைகளில் பால் சேர்ப்பார்கள்.

பில்லில் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். மீந்ததைக் கட்டி எடுக்க டப்பா கேட்டால் தருவார்கள். என்சிலாடா வீட்டுக்குப் போவதற்குள் குழைந்துவிடும், அதை அங்கேயே முடித்துவிடுங்கள். புரிட்டோவை எடுத்துச் செல்லலாம், சாந்தைத் தனி டப்பாவில் கேட்டு வாங்கினால்.