கராஜுக்குக் கரண்ட் இழுக்கும் முன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த மட்டக்களப்பு, அம்பாறைச் சொந்தங்களுக்கு

களுவாஞ்சிக்குடியிலோ திருக்கோவிலிலோ வயரிங் செய்து பழகிய கைகளுக்கு, இங்கே கராஜில் ஒரு பிளக் பொயின்ட் கூட்டுவது அரை நாள் வேலையாகத் தோன்றும். அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பயம். நம் ஆட்களுக்குத் திறமை குறைவில்லை. அந்தத் திறமை பழகிய நிறங்கள் வேறு.

ஊரின் பழைய வீடுகளில் சிவப்பு வயரில் கரண்ட் வரும், கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் கரண்ட். பொயின்டின் பித்தளை நிறத் திருகாணியில் கறுப்பு, வெள்ளி நிறத்ததில் வெள்ளை நியூட்ரல், பச்சைத் திருகாணியில் உறையில்லாத செம்புக் கம்பி. 240 வோல்ட் இணைப்பிலோ கறுப்பு, சிவப்பு இரண்டிலும் கரண்ட் இருக்கும். சில இடங்களில் வெள்ளையிலும் வரும். பிரேக்கரை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்க்காத எந்த வயரையும் தொடாதீர்கள்.

இன்னொன்று. ஊரில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள ட்ரிப் சுவிட்ச் வீடு முழுவதையும் காக்கும். இங்கே பிரேக்கர் பெட்டியிலிருக்கும் சாதாரண பிரேக்கர் வயர் சூடேறாமல் காக்குமே தவிர, ஷாக் அடித்தால் விழாது. அந்த வேலைக்கு ஜி.எஃப்.சி.ஐ என்ற தனிப் பொயின்ட் அல்லது பிரேக்கர் உண்டு. கராஜின் வெளிச்சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் பொயின்ட் வைத்தால் அது கட்டாயம். உள்ளேயும் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது.

வீட்டோடு ஒட்டிய கராஜில் கார் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இரட்டைப் பொயின்ட் வேண்டும். அவற்றுக்குப் பெட்டியிலிருந்து தனிச் சுற்று வர வேண்டும். கராஜ் விளக்கையும் கதவு மோட்டாரையும் அதில் சேர்க்கலாம், வீட்டின் மற்றப் பொயின்ட்களைச் சேர்க்கக் கூடாது. 15 ஆம்பியர் பிரேக்கருக்கு 14 கேஜ் செம்பு வயர், 20க்கு 12 கேஜ். கேஜ் என்பது வயரின் தடிப்பு எண், எண் குறையத் தடிப்புக் கூடும். மின்சாரக் கார் சார்ஜர் 32 ஆம்பியர் இழுத்தால் பிரேக்கர் 40 ஆம்பியர் வேண்டும். வீட்டு இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

தனியாக நிற்கும் கராஜுக்கு மண்ணுக்கடியில் கேபிளை நேரடியாகப் புதைத்தால் 60 சென்டிமீட்டர் ஆழம், வாகனம் ஓடும் பாதையின் கீழ் 90. தோண்டுவதற்கு முன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவியுங்கள். காசு இல்லை, காஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

வேலையை யார் செய்வது? கூலிக்கென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்த நிறுவனம் மட்டுமே. ஊர்க்காரத் தம்பி சான்றிதழ் பெற்ற எலக்ட்ரீஷியனாகவே இருந்தாலும், தனியாக வந்து காசுக்குச் செய்ய முடியாது. சொந்த வீட்டில் நீங்களே செய்யலாம். ஆனால் மாகாணத்தின் மின் பாதுகாப்பு அமைப்பான எலக்ட்ரிக்கல் சேஃப்டி ஆதோரிட்டிக்கு அறிவித்து, கட்டணம் செலுத்தி, பரிசோதகர் பார்க்கும்வரை சுவரை மூடாமல் வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், நீங்கள் கைவைக்காதீர்கள். பரிசோதனைச் சான்றிதழை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். காப்புறுதிக்காரரும், பிறகு வீட்டை வாங்க வருபவரும் அதைக் கேட்கக்கூடும்.